ஆம்ப்ல வருதா?

ஜனவரி இரண்டாம் வாரம் என் பேஸ் கிட்டார் கிர்ர் என்று இரைய ஆரம்பித்தது. நாலு கம்பியிலும், கழுத்தின் முதல் ஐந்து கட்டங்களில் எங்கே அழுத்தினாலும், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். எங்கள் ஊர் ஆன்டிகோவில் அந்த வாரம் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. அந்தக் குளிரில் வீட்டைச் சூடாக்குகிற ஹீட்டர் நாள் முழுக்க ஓடும். காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். மரம் சுருங்கும், கிட்டாரின் கழுத்து பின்பக்கமாக வளையும், கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுகளில் கம்பி உரசும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. இருபத்தேழு வருஷமாக ஹீட்டர் ரிப்பேர்தான் என் பிழைப்பு. இந்தக் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பாதி வீடுகளுக்குப் போய் நின்று, உங்கள் வீட்டுக் காற்று ரொம்பக் காய்ந்து கிடக்கிறது, பியானோ கெட்டுவிடும், ஹீட்டரோடு ஈரப்பதப் பெட்டி ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் மாட்டவில்லை.

வைத்தியம் சின்னதுதான். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடம்போடு சேருகிற இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நடுவில் பார்க்க வேண்டும். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருக்க வேண்டும். "ஸாஸ்ட்ரோ ஹீட்டிங், எந்த நேரமும் அழைக்கலாம்" என்று அச்சடித்த என் கார்டையே வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. கழுத்துக்குள்ளே ஓடுகிற இரும்புத் தண்டை ஆலன் கீயால் இடது பக்கம் கால் சுற்றுத் திருப்பினேன். மரம் யோசிக்க ஒரு நாள் விட்டேன். மறுநாள் கார்டு நுழைந்தது, சத்தம் நின்றது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு வேலை நன்றாக முடிந்துவிட்டால் பக்கத்தில் இருக்கிற வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கிற புத்தி உண்டு. இனிமேல் கழுத்து வளையவே கூடாது என்று அந்தச் சனிக்கிழமை பேஸ்மென்ட்டில் என் ஹீட்டருக்கும் ஈரப்பதப் பெட்டி மாட்டினேன். கூரையை ஒட்டி, சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகிற தகரக் காற்றுக்குழாயில் ஒரு துண்டைக் கழற்றி, ஓட்டை வெட்டி, பெட்டியைப் பொருத்தி, துண்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கும்போது போன். நீவா ரோட்டில் ஒரு வீட்டில் ஹீட்டர் நின்றுவிட்டது, இரண்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது என்றார்கள். ஓடினேன். திரும்பி வந்தபோது என் வீட்டுப் பெட்டி அழகாக ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி காலீனிடம், இனி இந்த வீட்டில் கிட்டாருக்குக் கவலை இல்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"என் உதடு வெடிச்சு அஞ்சு வருஷமாச்சு. கிட்டாருக்குன்னா ஒரே வாரத்துல வந்துடுச்சு பாரு," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் பேஸ்மென்ட்டில் பயிற்சி. நாங்கள் மூன்று பேர். கிட்டாரும் பாட்டும் ட்வேன் ப்லீகர். உருளைக்கிழங்கு தோண்டும் இயந்திரங்கள் விற்கிறவன். டிரம்ஸ் அவன் தங்கை ரெனே, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பேஸ் நான். டிராக்டருக்குப் பின்னால் கலப்பையை மூன்று இடத்தில் பிடித்துக்கொள்கிற கொக்கி இருக்கிறதே, அதன் பெயரைத்தான் எங்கள் குழுவுக்கு வைத்திருக்கிறோம்: 'த்ரீ பாயிண்ட் ஹிட்ச்'. பத்தொன்பது வருஷமாக வாசிக்கிறோம். முன்னாள் ராணுவத்தாரின் லீஜன் ஹாலில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல், கல்யாணங்கள், ஜூலையில் கவுண்டிச் சந்தை. சந்தையில் எங்களுக்குக் கிடைப்பது எப்போதும் வியாழக்கிழமை மத்தியானம், பன்றிகளுக்குப் பரிசு கொடுக்கிற நேரம். இந்த வருஷம் கமிட்டி மாறிவிட்டது. மூன்று பாட்டுப் பதிவு செய்து மார்ச் முதல் தேதிக்குள் அனுப்புங்கள், நன்றாக இருக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பீர் கூடாரம் என்று அறிவித்திருந்தார்கள். ட்வேனுக்கு அந்தச் சனிக்கிழமை மேல் பத்தொன்பது வருஷ ஆசை.

ரெனே தன் சின்ன ரெக்கார்டரை எங்கள் வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். மூன்று பாட்டும் வாசித்தோம். போட்டுக் கேட்டோம். கிர்ர் வந்தது.

முன்பு மாதிரி எல்லா இடத்திலும் இல்லை. ஏ என்கிற சுரத்தில் மட்டும். ஏ கம்பியை அழுத்தாமல் மீட்டினாலும் கிர்ர், ஈ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் அதே ஏ-யைப் பிடித்தாலும் கிர்ர். மற்ற சுரங்கள் பால் மாதிரி சுத்தம். ஆனால் ட்வேனுக்கு ஏ-யில் பாடினால்தான் தொண்டை ஒத்துழைக்கும் என்பதால் எங்கள் பாட்டுகளில் பாதிக்கு மேல் ஏ-யில்தான் தொடங்கி ஏ-யில்தான் முடியும்.

ட்வேன் கிட்டாரைத் தொடையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான்.

"பேஸ் சத்தம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு," என்றான்.

எங்கள் ஊரில் மாமியார் செய்த ஜெல்லி சாலட்டையோ, பக்கத்து வீட்டுக்காரன் அடித்த பெயின்ட்டையோ வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால், சகிக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் கடுமையான வார்த்தை எங்களிடம் கிடையாது. ரெனே டிரம் குச்சியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். நான் சரி செய்துவிடுகிறேன் என்றேன்.

அடுத்த வாரமும் கிர்ர். அன்று ட்வேன் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகில் முக்கால் மணி நேரம் நின்று ஐஸ் மீன்பிடிப்பு, புதிய டிரான்ஸ்மிஷன், யாரோ அடித்த மான் என்று எல்லாம் பேசினான். எங்கள் ஊரில் முக்கியமான விஷயம் கதவருகில்தான் வரும், அதுவும் கடைசியில்தான் வரும். வந்தது.

"வெர்ன், தப்பா எடுத்துக்காத. பல் டாக்டர் ஹால்வர்சன் இருக்காருல்ல, அவரும் பேஸ் வாசிக்கிறாராம். அஞ்சு கம்பி. குழுவுல சேரட்டுமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க சொல்றது. வாய் பூரா பஞ்சு. தலையாட்டினேன்னு நினைக்கிறேன்."

பதிவுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது, அதற்குள் அந்தச் சத்தம் போய்விட்டால் பேச்சே இல்லை, போகாவிட்டால் டாக்டரை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்று ட்வேன் சொன்னான். ஒரு தடவைதான் என்று அழுத்திச் சொன்னான். நான் அதனாலென்ன என்றேன். காலீன் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரியும்.

எனக்கு ஐம்பத்து நாலு வயது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் இந்தக் கிட்டாரைத் தோளில் மாட்டாவிட்டால் மற்ற நாட்களில் நான் அடுத்தவர் வீட்டு ஹீட்டருக்கு முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறவன் மட்டும்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை. பேஸ் வாசிக்கிறவர்கள் கூடுகிற இணையத் தளம் ஒன்றில் போய் உதவி கேட்டேன்.

எல்லாம் ஒழுங்காக எழுதினேன். கழுத்தை நிமிர்த்திவிட்டேன், கம்பி புதுசு, ஏ கம்பியில் வருகிறது, ஈ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டிலும் வருகிறது. போட்டோவும் போட்டேன். அரை மணி நேரத்தில் முதல் பதில், ஃப்ளாரிடாவில் இருக்கிற யாரோ ஒருவரிடமிருந்து. மூன்றே வார்த்தை: "அது ஆம்ப்ல வருதா?"

அவர் கேட்டது இது: அந்த இரைச்சல், கிட்டாரின் ஒலியைப் பெருக்குகிற பெட்டியான ஆம்ப்பின் ஸ்பீக்கர் வழியாக வெளியே வருகிறதா, இல்லை அறையில் வேறு எங்கிருந்தோ காதுக்கு வருகிறதா? பேஸ்காரர்கள் எதற்கும் முதலில் கேட்கிற கேள்வி அதுதானாம். நான் புரிந்துகொண்டது இது: ஆம்ப்பைப் போட்டால் வருகிறதா? போட்டால்தான் வந்தது. போடாமல் வெறுமனே மீட்டினால் வரவே இல்லை. எனவே நேர்மையாகப் பதில் எழுதினேன்: "ஆமாம், ஆம்ப்பில்தான் வருகிறது. பலமாக வருகிறது."

அந்த ஓர் 'ஆமாம்' மேல் அறுபத்து மூன்று பேர் வீடு கட்டினார்கள்.

இரண்டு கம்பியில் வந்தால் இரண்டு கோளாறு என்றார் ஒருவர். ஒரே சுரம் இரண்டு இடத்தில் வருகிறதே, அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. வயர் செருகுகிற ஓட்டையில் எர்த் வயர் விட்டுப்போயிருக்கும் என்றார்கள். அதை மாற்றினேன். ஐந்தாவது ஃப்ரெட் தூக்கியிருக்கும் என்றார்கள். இரும்பு ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாம் ஒரே மட்டம். கழுத்தைக் கழற்றி அடியில் சின்ன அட்டைத்துண்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மறுபடி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். கடைசியில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கிட்டாரின் அடிப்பக்கத்தில் கம்பி ஏறி உட்காருகிற சின்ன இரும்புத் துண்டு, சேடில் என்பார்கள், அது தேய்ந்திருக்கும். ஏ கம்பிக்கு ஒன்று, ஈ கம்பிக்கு ஒன்று. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது. நாற்பத்தைந்து வருஷக் கிட்டாரில் தேயாமல் என்ன இருக்கும்.

சேடில் வாங்கலாம் என்றால் கிட்டாரின் கம்பெனி தெரிய வேண்டும். என்னுடையது ஜப்பானில் செய்தது என்பது மட்டும் பின்னால் தகட்டில் இருக்கிறது. தலையில் எழுதியிருந்த பெயர் உதிர்ந்துபோய்க் கடைசியில் 'சன்' என்பது மட்டும் மிச்சம். எங்கள் ஊரில் பாதிப் பேருடைய பெயர் சன் என்றுதான் முடியும், எனவே அது பெரிய துப்பு இல்லை. அந்தத் தளத்தில் இது எந்தத் தொழிற்சாலை என்று இரண்டு பேர் நாலு நாள் சண்டை போட்டு, ஒருவர் இனிமேல் இங்கே எழுத மாட்டேன் என்று போய்விட்டார். நான் தபாலில் வரவழைத்த சேடில்கள் ஒரு மில்லிமீட்டர் அகலம் கூடுதல். நாலையும் வரிசையாக வைத்தால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியது. இரண்டாம் முறை வந்ததில் மரை ஒத்துவரவில்லை. என்னுடையது மில்லிமீட்டர் கணக்கு, அவர்கள் அனுப்பியது அங்குலக் கணக்கு.

அப்போதுதான் ஈகிள் ரிவர் என்கிற ஊரில் டார்கர்சன் என்று ஒருவர் பழைய ஜப்பான் கிட்டார்களை உடைத்துப் பாகம் பாகமாக வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. போன் போட்டேன். தபாலில் அனுப்ப மாட்டாராம், ஆளைப் பார்க்காமல் பாகம் கொடுக்க மாட்டாராம். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். ஹீட்டர் என்றேன். உடனே குரல் மாறிவிட்டது. உன் கருவிப் பெட்டியையும் கொண்டு வா என்றார்.

சனிக்கிழமை பனியில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். அவருடைய கடை ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே சுவரெல்லாம் தலையில்லாத கிட்டார்கள், கழுத்தில்லாத கிட்டார்கள். நடுவில் டார்கர்சன் ரோமத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஹீட்டர் பற்றிக்கொண்டு பத்து விநாடியில் அணைந்துவிடுமாம், நவம்பரிலிருந்து இப்படித்தானாம். தீ எரிகிறதா என்று பார்க்கிற கம்பியில் கரி படிந்திருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்தேன். ஐந்து நிமிஷ வேலை. அவர் தொப்பியைக் கழற்றினார்.

அப்புறம் என் பேஸை வாங்கி, தன் ஆம்ப்பில் சொருகி, ஏ கம்பியை மீட்டினார். மீட்டினார், காதைச் சாய்த்தார், மறுபடி மீட்டினார். ஈ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டைப் பிடித்தார்.

"கிர்ருன்னு ஒண்ணும் இல்லையேப்பா," என்றார்.

இருக்கிறது, வீட்டில் வரும், இங்கே குளிரில் கம்பி இறுகியிருக்கும் என்றேன்.

"இதுல ஒண்ணும் இல்ல. உனக்கு சேடில் வேணாம்."

"வேணும். வீட்டுல போட்டா வருது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ஹீட்டர் பயங்கரமாகச் சத்தம் போடுகிறது, ஆனால் நீங்கள் வந்தால் மட்டும் போட மாட்டேன் என்கிறது என்று சொல்கிற வாடிக்கையாளர்களை நான் பார்க்கிற பார்வை. அன்றைக்கு நான் அவர்களில் ஒருவன். வாதாடவில்லை அவர். டப்பாக்களைக் கிளறி, சரியான அகலத்தில், சரியான மரையோடு இரண்டு சேடில் எடுத்துக் கொடுத்தார். ஹீட்டருக்கும் இதற்கும் சரியாகப் போயிற்று என்றார்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆம்ப்பைப் போட்டேன். கிர்ர்.

இடையில் வந்த வெள்ளிக்கிழமை லீஜன் ஹாலில் மீன் வறுவலுக்கு வாசித்தோம். அங்கே கிர்ர் கேட்கவில்லை. ட்வேனிடம் சொன்னேன், பார்த்தாயா, இன்றைக்கு இல்லை என்று. முந்நூறு பேர் மீன் தின்கிற இடத்தில் டிராக்டர் ஓட்டினாலும் கேட்காது என்றான். அது நியாயமாகத்தான் பட்டது.

கடைசி வாரம் டாக்டர் வாசிப்பைக் கேட்டுப் பார்க்கிற நாள் வந்தது. எங்கே வைத்துக் கேட்பது? ட்வேன் வீட்டில் அவன் மாமனார் இருக்கிறார், ரெனே வீட்டில் இடமில்லை. டிரம்ஸ் எங்கள் பேஸ்மென்ட்டில்தான் இருக்கிறது. எனவே என் இடத்துக்கு வேறு ஆளைச் சோதிக்கிற சோதனை என் வீட்டிலேயே நடக்கும் என்று முடிவாயிற்று. டாக்டருடைய ஆம்ப் கனம், அதை ஏன் படியில் இறக்க வேண்டும், என்னுடையதையே வாசிக்கட்டும் என்று நானே சொன்னேன். நம் வீட்டுக்கு வருகிறவரிடம் வேறு எப்படிப் பேசுவது?

காலீன் காபி போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "உனக்குப் பதிலா ஒருத்தர் வர்றார். அவருக்கு நீயே ஊத்திக் குடு," என்றாள். போட்டேன். பிஸ்கட்டும் வைத்தேன்.

டாக்டர் ஹால்வர்சன் நல்ல மனிதர். அறுபது வயது, சுத்தமான ஸ்வெட்டர். என் பல் இரண்டு அவர் அடைத்ததுதான். அவருடைய கிட்டார் பெட்டியைத் திறந்தபோது ரெனே விசில் அடித்தாள். ஐந்து கம்பி, வரிவரியாக ஏதோ தென் அமெரிக்க மரம், புலித்தோல் மாதிரி மினுங்கியது. அவர் என்னிடம் மெதுவாக, நீங்களே விலகிக்கொள்வதாகத்தான் கேள்விப்பட்டேன், வேலை அதிகமாமே என்றார். நான் ட்வேனைப் பார்த்தேன். ட்வேன் கிட்டாருக்கு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான், ஏற்கெனவே சேர்ந்திருந்த கிட்டாருக்கு.

நான் படியின் கடைசிக்குப் போய், ஹீட்டர் பக்கம் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டேன். ரெனே குச்சியைத் தட்டித் தொடங்கி வைத்தாள். முதல் பாட்டு ஏ-யில் தொடங்குகிறது.

கிர்ர்.

டாக்டர் நிறுத்தினார். மன்னிப்புக் கேட்டார். மறுபடி தொடங்கினார். கிர்ர். அவர் ஐந்து கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் கிட்டாரில் சேடில் நேற்றுத்தான் செய்தது மாதிரி இருந்தது.

"புதுக் கிட்டார் இல்லையா, கொஞ்சம் செட்டாகணும், பரவாயில்ல டாக்டர்," என்றான் ட்வேன்.

ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூட என் கிட்டாரின் வயதுக்காக எனக்குச் சலுகை கொடுக்காதவன்.

"கிட்டார் இல்லைங்க, என் கைதான்," என்றார் டாக்டர். முகம் சிவந்துபோயிற்று. "வீட்டுல நல்லா வந்துச்சு. மூணு வருஷமா கத்துக்கறேன். ஆளுங்களோட வாசிச்சா கை இப்படிப் பண்ணுது போல."

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்தச் சத்தம் என் இடது காதுக்கு மேலேயிருந்து வந்தது. ஐந்து வாரமாக நான் ஆம்ப்புக்கு முன்னால் நின்று வாசித்ததால் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வருவதாகத் தோன்றியது. இன்றைக்குத்தான் முதல்முறை தள்ளி நின்று கேட்கிறேன். அது கம்பிச் சத்தமே இல்லை. தகரம். இருபத்தேழு வருஷமாக நான் சம்பாதித்துத் தின்கிற தகரம். எந்த வீட்டிலாவது இதைக் கேட்டிருந்தால் கோட்டைக் கழற்றும் முன்பே குழாயில் திருகு விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

தலைக்கு மேலே பார்த்தேன். ஈரப்பதப் பெட்டிக்கு அடுத்த இணைப்பு. மூன்று திருகு போட வேண்டிய இடத்தில் இரண்டு. ஆம்ப்பில் ஏ முழங்கும்போதெல்லாம் தளர்ந்து கிடந்த அந்தத் தகரம்தான் கூடவே அதிர்ந்திருக்கிறது. மூன்றாவதைப் போடப்போகும்போதுதான் நீவா ரோட்டிலிருந்து போன் வந்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் உடனே எதுவும் செய்யவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். டாக்டர் கையும் தப்பு என்று எல்லோரும் முடிவு செய்வார்கள், அவர் போய்விடுவார், என் கிர்ரும் அவர் கிர்ரும் ஒன்றுதான் என்று ட்வேன் என்னை வைத்துக்கொள்வான். அவர் போன பிறகு நிதானமாகத் திருகைப் போட்டுக்கொள்ளலாம். காபி இரண்டு மிடறு குடிக்கிற நேரம் அப்படியே நின்றேன்.

டாக்டர் அதற்குள் மூன்றாம் முறை தொடங்கினார். கிர்ர். அவர் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். அந்த விரல்களால்தான் நாளைக் காலையில் யாருடைய பல்லையோ துளைக்க வேண்டும். ஐந்து வாரமாக நானும் என் கையை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையைத் தூக்கிக் குழாயை அழுத்திப் பிடித்தேன்.

"இன்னொரு தடவை ஏ வாசிங்க டாக்டர்," என்றேன்.

வாசித்தார். சுத்தமாக, ஆழமாக, கிணற்றிலிருந்து வருகிற மாதிரி வந்தது. கையை எடுத்தேன். கிர்ர். வைத்தேன். சுத்தம். ரெனே சிரிக்க ஆரம்பித்து, குச்சியைக் கீழே போட்டுவிட்டாள். என் சட்டைப் பையில் எப்போதும் தகரத் திருகு நாலைந்து கிடக்கும். ஒன்றை எடுத்து அந்த ஓட்டையில் முறுக்கினேன். ஐந்து வாரமாக அந்தத் திருகுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் சேடில் தேடி அலைந்திருக்கிறேன்.

டாக்டர் தன் பேஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். பேஸ்காரர் தானே விலகுவதாக நினைத்துத்தான் வந்தேன், அவரே எனக்குக் காபி ஊற்றிக் கொடுக்கிற நிலைமை என்று தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் கதவருகில் நாற்பது நிமிஷம் நின்று பேசிவிட்டுப் போனார்.

ட்வேன் மட்டும் இன்னும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் குழாய மாட்டினது யாருடா?"

"நான்தான்."

"அப்ப நான் சொன்னது சரிதானே. சத்தம் உங்கிட்டேர்ந்துதான வந்துச்சு."

அதுதான் அவன் கேட்ட மன்னிப்பு. எனக்குப் போதுமாக இருந்தது. அவன் போய் ஆறிப்போன காபியை ஊற்றிக்கொண்டு வந்து, பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினான்.

அன்றைக்கே பதிவு செய்தோம். ரெக்கார்டர் வாஷிங் மெஷின் மேல். என் பேஸ், டார்கர்சன் கொடுத்த சேடில், மூன்று திருகு. போட்டுக் கேட்டால் அப்படி ஒரு சுத்தம். ஒவ்வொரு சுரமும் தனியாக நிற்கிறது. அதனாலேயே இரண்டாவது பாட்டில் ஒரு விஷயம் கேட்டது. மூன்றாவது வரியில் ட்வேன் டி-க்குப் போகிறான். நான் ஏ-யிலேயே நிற்கிறேன். அரைத் தாளம் கழித்துத்தான் ஓடிப்போய் அவனைப் பிடிக்கிறேன். ஒவ்வொரு சரணத்திலும் இதே தப்பு.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். இத்தனை வருஷமாக மீன் வறுவல் இரைச்சலில் எனக்கே தெரியவில்லை.

"ஆரம்பத்துலேர்ந்து," என்றாள் ரெனே. "நீ லேட்டா வர்றதப் பாத்துதான் நான் அங்க டிரம்ஸ உருட்டறேன். மாத்திடாத, எனக்கு எண்ண வராது."

ட்வேன் இன்னொரு தடவை அந்த இடத்தைப் போட்டுக் கேட்டான்.

"வித்தியாசமா இருக்கு," என்றான். ஆனால் அப்படியே அனுப்பினோம்.

சந்தைக் கமிட்டி எங்களுக்குக் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை, டிராக்டர் இழுக்கிற போட்டி முடிந்த பிறகு. சனிக்கிழமை இல்லைதான், ஆனால் பன்றிகளும் இல்லை. ட்வேன் அதைப் பதவி உயர்வு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அந்தத் தளத்துக்கும் போய் நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஆம்ப்பில் வரவில்லை, நான்தான் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், காற்றுக்குழாயில் ஒரு திருகு இல்லை, போட்டேன், சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. ஃப்ளாரிடாக்காரர் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார். இனிமேல் எழுத மாட்டேன் என்று போனவர் திரும்பி வந்துவிட்டார். அந்தத் திருகு துத்தநாகம் பூசியதா, துருப்பிடிக்காத எஃகா என்று கேட்டார், அதனால் பேஸின் நாதம் மாறுமாம். அதற்குக் கீழே இதுவரை நாற்பத்தொரு பதில். துத்தநாகம்தான் என்று எழுதியிருக்கிறேன்.